இயேசு பெருமான் பேசிய மொழியும் தமிழர் வழிபாட்டு மொழியும்

காட்பாடிச் சந்திப்பில், மேற்கிலிருந்து வரும் தொடர்வண்டி நின்றவுடன், மலையாள நாட்டினின்று வேலூர் மருத்துவமனைக்கு வருவோர் குடும்பங் குடும்பமாக இறங்குவர். அவருள் தோமையார் வழிவந்தவர் எனத் தம்மைச் சொல்லிக்கொள்ளும் கிறித்தவரும் பலர். தம் ஊர்க் கோயிலில் நடக்கும் திருப்பலியை அவர் ‘குர்பானா’ என்பர். திருமுழுக்கை ‘மாமோதீசா’ என்பர். சிலுவையைச் ‘சிலீவா’ என்பர். இச்சொற்கள் மலையாளச் சொற்களும் அல்ல, வடசொற்களும் அல்ல. அரமேயம் என்னும் பழம்பெரு மொழியின் கீழைக் கிளையாகிய சுரியானியின் சொற்கள் அவை. அவ்வரமேயத்தின் மற்றொரு வழக்கிலேயே இயேசு பெருமான் தம் தாயோடும் தம் மாணவரோடும் உரையாடினார்.

இனி, அதே காட்பாடியில் ஞாயிற்றுக்கிழமைதோறும் கோயிலுக்குச் செல்லும் தமிழ்க் கிறித்தவனின் செவியில் விழுவன யாவை? ஜெபம், ஸ்தோத்திரம், ஆராதனை, சுவிசேஷம், இரட்சிப்பு, ஞானஸ்நானம், பரிசுத்தம், நித்திய ஜீவன் என்பன. இவை பெருமான் பேசிய அரமேயமும் அல்ல. நற்செய்தி எழுதப்பட்ட கிரேக்கமும் அல்ல. கேட்பவன் வீட்டில் வழங்கும் தமிழும் அல்ல. ‘சிலுவை’ என்னும் ஒரு சொல்லேனும் மேற்சொன்ன சுரியானிச் சொல்லினின்று திரிந்து வந்ததாகலின் கிறித்தவத்தின் பிறப்பிடத்தோடு உறவுடையது. ஏனையவற்றிற்கு அவ்வுறவும் இல்லை.

இவற்றை மாற்றுக எனின், “திருமறைச் சொற்களில் கை வைக்கலாகாது, அவை தூயவை” என்று விடை வருகின்றது. இவ்விடை கிறித்தவத்தின் வரலாற்றோடு பொருந்துமா என்று பார்ப்பதே முறை.

இயேசு பெருமான் வாழ்ந்த நாட்டில் நான்கு மொழிகள் வழங்கின. உரோமப் படைஞரும் ஆளுநரும் கொணர்ந்த மொழி இலத்தீனம். வணிகத்திற்கும் அயலாரோடு பேசுதற்கும் உரிய பொதுமொழி கிரேக்கம். யூதரின் பண்டை மறைநூல் மொழியாகவும், கற்றோர் மொழியாகவும் நின்றது எபிரேயம். வீட்டிலும் வயலிலும் மீன்பிடி துறையிலும் பொதுமக்கள் பேசியது பெரும்பாலும் அரமேயம். சிலுவையின் மேல் வைத்த பெயர்ப்பலகை மூன்று மொழிகளில் எழுதப்பட்டிருந்ததாக யோவான் நற்செய்தி கூறுவதும் இந்நிலையைக் காட்டும்.

அரமேயம் சிறுமொழியன்று. கி.மு. 5ஆம் நூற்றாண்டிற் பாரசீகப் பேரரசின் அலுவல்மொழியாக அஃது எகிபதிலிருந்து சிந்துவெளி எல்லைவரை எழுதப்பட்டது. கி.மு. 3ஆம் நூற்றாண்டில் அசோக மன்னன் தன் அறவுரையைக் காந்தகாரில் ஒரே பாறையிற் கிரேக்கத்திலும் அரமேயத்திலும் பொறித்தான். அக்கல்வெட்டு 1958-இற் கண்டுபிடிக்கப்பட்டது. அங்கு வாழ்ந்தவர்க்கு விளங்கும் மொழி எதுவோ அதுவே அறம் உரைத்தற்குரிய மொழி என்பது அப்பேரரசனுக்குத் தெரிந்திருந்தது.

யூதர் பாபிலோனிய நாட்டில் சிறையிருந்து மீண்ட பின்னர், அரமேயம் அவர்தம் வாய்மொழியாகப் பரவியது. பழைய ஏற்பாட்டின் தானியேல், எசுரா என்னும் நூல்களிற் சில பகுதிகள் அரமேயத்திலேயே உள்ளன. தொழுகைக் கூடத்தில் மறைநூல் எபிரேயத்திற் படிக்கப்பட்டவுடன், மொழிபெயர்ப்பாளன் ஒருவன் எழுந்து நின்று அதனை அரமேயத்தில் எடுத்துரைப்பான். அவ்வுரைகளே பின்னர்த் தார்க்கும் என்னும் நூல்களாயின. மறைநூலைப் போற்றிய யூதரே, விளங்காது கேட்டல் வழிபாடாகாது என்று கண்டனர்.

இதற்கு மறுதலையான காட்சியொன்றும் திருமறையில் உண்டு. அசீரியப் படை எருசலேமை வளைத்தபோது, அசீரியத் தூதன் மதிலோரம் நின்று யூதரின் மொழியிலேயே உரக்கப் பேசினான். அரசனின் அலுவலர் பதறி, அரமேயத்திற் பேசுமாறு அவனை வேண்டினர். அக்காலத்தில் அரமேயம் அலுவலர்க்கு விளங்கும். மதில்மேல் இருந்த மக்களுக்கு விளங்காது. மக்கள் அறியலாகாது என்னும் நோக்கமிருந்தால் மக்களுக்கு விளங்காத மொழி தேடப்படும் என்பதற்கு இதனினும் பழைய சான்று வேண்டுமா? அன்று மறைப்பு மொழியாக வேண்டப்பட்ட அரமேயமே சில நூற்றாண்டுகட்குப்பின் மக்கள் மொழியாயிற்று. எந்த மொழியும் பிறப்பால் தூயதும் அன்று, இழிந்ததும் அன்று. அதனைக் கொண்டு மக்களைச் சேர்க்கின்றனரா விலக்குகின்றனரா என்பதே வேறுபாடு.

பெருமான் பேசிய அரமேயமும் எருசலேம் நகரத்துப் பெரியோர் மெச்சிய அரமேயமன்று. அது கலிலேய நாட்டுப்புற வழக்கு. பெருமானைப் பிடித்த இரவில், முற்றத்தில் குளிர்காய்ந்த பேதுருவை அவர் பேச்சே கலிலேயர் எனக் காட்டிக்கொடுத்தது. நெல்லைத் தமிழனும் வடவார்க்காட்டுத் தமிழனும் வாய்திறந்தவுடன் ஊர் தெரிந்துவிடுவது போன்றதே அது. உலகப் பெருஞ்சமயம் ஒன்றன் முதல் அறிவுரைகள் இத்தகைய ஊர்ப்புறப் பேச்சில் பிறந்தன.

நற்செய்தி நூல்கள் கிரேக்கத்தில் எழுதப்பட்டபோதும், அப்பேச்சின் சில துளிகள் உருமாறாது நின்றுவிட்டன. இறந்து கிடந்த சிறுமியின் கையைப் பிடித்து எழுப்பிய ‘தலித்தா கூமி’, செவிடன் செவியைத் திறந்த ‘எப்பத்தா’, பேதுருவிற்கு இட்ட ‘கேபா’ என்னும் பெயர், மரியாள் விளித்த ‘ரபூனி’ ஆகியவை அவற்றுட் சில. சிலுவையில் தொங்கிய இறுதி வேளையில், பண்டைத் திருப்பாடல் ஒன்றன் முதலடியைப் பெருமான் கதறிச் சொன்னதையும் மாற்கு அரமேய வடிவிலேயே எழுதி வைத்தார். துன்பத்தின் உச்சியில் மாந்தன் வாயினின்று வருவது தாய்மொழியே.

அத்துளிகளுள் தமிழனை நின்று எண்ணச் செய்வது ஒன்று உண்டு. கெத்சமனித் தோட்டத்தில் இறைவனைப் பெருமான் விளித்த சொல் ‘அப்பா’ என்பது. ஒலி ஒத்தமையால் அதனைத் தமிழ்ச்சொல் என்று துள்ளிக் குதிக்க வேண்டா. மழலை வாயில் எளிதாய் எழும் ஒலிகள் உறவில்லாத மொழிகளிலும் ஒத்திருத்தல் உண்டு. ஆயினும் பயன் பெரிது. கிரேக்கரும் இலத்தீனரும் ஆங்கிலரும் அயற்சொல்லென விளக்கங் கேட்டுப் புரிந்துகொள்ள வேண்டிய அச்சொல், தமிழ்க் குழந்தைக்கு விளக்கமின்றி விளங்குகின்றது. அங்ஙனமிருப்பவும், பழைய தமிழ் மொழிபெயர்ப்பு அச்சொல்லை அடுத்துப் ‘பிதா’ என்னும் வடசொல்லை வைத்தது! மாற்கு தம் கிரேக்க வாசகர்க்காக அரமேயச் சொல்லின் பக்கத்தில் அவர்தம் வீட்டுச் சொல்லை வைத்தார்; தமிழில் பெயர்த்தோர் தமிழனின் வீட்டுச் சொல்லின் பக்கத்தில் அவன் வீட்டில் வழங்காத சொல்லை வைத்தனர். தமிழ்க் கிறித்தவத்தின் மொழிநிலை முழுதும் இவ்விரு சொற்களுக்குள் அடங்கிவிடுகின்றது.

நற்செய்தி ஏன் அரமேயத்திலேயே நின்றுவிடாமல் கிரேக்கத்திற்குச் சென்றது? பெருமான் திருவாய் மலர்ந்த மொழி தூயமொழி, அதனை மாற்றலாகாது என்று முதற் கிறித்தவர் கருதியிருப்பின் அங்ஙனம் சென்றிராது. அவர் கருதியது வேறு. தூய ஆவி இறங்கிய நாளில் பல நாட்டாரும் தத்தம் மொழியிற் செய்தியைக் கேட்டனர் என்பதே திருத்தூதர் பணிநூல் கூறுவது. எல்லாரும் ஒரு மொழியைக் கற்றுக்கொண்டனர் என்று அந்நூல் கூறவில்லை. அவர் எடுத்துக்கொண்ட கிரேக்கமும் பண்டைப் புலவரின் செய்யுட் கிரேக்கமன்று. துறைமுகத்திலும் கடைத்தெருவிலும் வழங்கிய பொதுக் கிரேக்கம்.

அச்செய்தி எவர் வீட்டுக்குச் சென்றது என்பதும் நோக்கத்தக்கது. பேதுரு யோப்பா நகரில் நெடுநாள் தங்கியது, கடலோரத்தில் இருந்த தோல் பதனிடுவோன் சீமோன் என்பவனது வீட்டில். தோல்தொழில் தீட்டென்று அந்நாட்டிலும் ஒதுக்கப்பட்டது. பவுல் அடிகளோ கூடாரத் தொழில் செய்து தம் கையுழைப்பால் உண்டவர். ஆம்பூர், வாணியம்பாடி, பேரணாம்பட்டு, இராணிப்பேட்டை என்று நீளும் இத்தோல்நாட்டில் இதனைச் சொல்லுங்கால் பொருள் இன்னும் ஆழமாகின்றது. பகல் முழுதுஞ் சுண்ணாம்பு நீரிலும் தோலிலும் கையை நனைத்து, மாலையில் வழிபாட்டிற்கு வரும் தொழிலாளிப் பெண்ணுக்கு ‘நித்திய ஜீவன்’ என்றாற் பொருள் விளங்குமா, ‘நிலைவாழ்வு’ என்றால் விளங்குமா? சீமோன் வீட்டு விருந்தாளியாகிய பேதுரு இன்று ஆம்பூருக்கு வந்தால் எதனைச் சொல்வார்?

அற்றேல், மொழிக்கு வேலி வந்தது எவ்வாறு? பிற்காலத்தார் போட்ட வேலி அது. 4ஆம் நூற்றாண்டின் இறுதியில் எரோணிமுசு என்பார் திருமறையை இலத்தீனத்தில் திருத்திப் பெயர்த்தார். மேலைநாட்டு மக்கட்கு விளங்கவேண்டும் என்பதே அதன் நோக்கம்; ‘வுல்காத்தா’ என்னும் அதன் பெயர்க்கே பொதுவழக்கிலுள்ளது என்பது பொருள். சுரியானித் திருமறைக்குப் ‘பெசித்தா’ என்று பெயர். எளியது என்பது அதன் பொருள். மக்களுக்காகப் பொதுமொழியில் எழுந்த அவ்விலத்தீன நூலே, மக்கள் இலத்தீனம் பேசுவதை விட்ட பின்னும் மாற்றலாகாத் தூயமொழி நூலாக நிறுத்தப்பட்டது. ஆங்கிலத்திற் பெயர்த்த திண்டேல் 1536-இற் கழுத்து நெரித்துக் கொல்லப்பட்டு எரிக்கப்பட்டார். இரண்டாம் வத்திக்கான் பேரவை 1963-இல் நாட்டுமொழி வழிபாட்டிற்கு வாயில் திறந்த பின்னரே கத்தோலிக்கத் திருப்பலி பல மொழிகளில் ஒலிக்கத் தொடங்கிற்று.

காட்பாடியில் இறங்கும் மலையாள நாட்டுக் கிறித்தவரின் கதையும் இதுவே. பாரசீகத்திலிருந்து வந்த ஆயர்கள் வழியாகச் சுரியானி அவர்தம் வழிபாட்டு மொழியாயிற்று. 1599-இல் உதயம்பேரூரிற் கூட்டிய பேரவையிற் போர்த்துக்கேயப் பேராயர் மெனேசெசு இலத்தீன நெறியைத் திணித்தார். சுரியானி நூல்கள் பல எரிக்கப்பட்டன. அவ்வடக்குமுறையை எதிர்த்து 1653-இல் மட்டாஞ்சேரியிற் கூனன் சிலுவையைப் பற்றி அம்மக்கள் சூளுரைத்தது வீர வரலாறு. ஆனால் அவர் காத்த சுரியானியும் அவருட் பெரும்பாலோர்க்கு விளங்காத மொழியே. சீரோ மலபார்த் திருஅவையில் மலையாளத் திருப்பலி வந்தது 1962-இலேதான். பெருமானின் தாய்மொழிக் கிளை என்னும் பெருமையுடைய சுரியானியே மக்கள் மொழிக்கு இடங் கொடுத்து விலகியிருக்க, அப்பெருமையும் இல்லாத வடசொற்கள் தமிழ்க் கோயிலில் விலகாது நிற்பதேன்?

தமிழகத்தில் அவை தொடக்கத்திலிருந்தே இருந்தவை என்பதும் பிழை. கி.பி. 849-இல் வேணாட்டு மன்னன் அய்யனடிகள் கொல்லத்துத் தரிசாப்பள்ளிக்கு வழங்கிய செப்பேட்டில், கொடைச் செய்தி வட்டெழுத்தில், மலையாளமாகக் கிளைக்கத் தொடங்கியிருந்த மேலைத் தமிழில் உள்ளது. சான்றாளரோ அரபிலும், பாகுலவி என்னும் இடைக்காலப் பாரசீகத்திலும், எபிரேய எழுத்தாலான பாரசீகத்திலும் கையெழுத்திட்டுள்ளனர். சென்னைப் பரங்கிமலைக் கற்சிலுவையிலும் பாகுலவி எழுத்துகளே உள்ளன. வந்தவர் தம் மொழியிற் கையெழுத்திட்டனர். ஊரார் மொழியில் ஆவணம் எழுதினர். எவரும் மற்றவர் வாயை அடைக்கவில்லை.

அதே கொல்லத்தில் 1578-இல், இந்திய மண்ணில் தமிழெழுத்தில் அச்சான முதல் நூல் வெளிவந்தது. அண்ட்ரிக்கு அடிகளார் ஆக்கிய அக்கிறித்தவ நூலின் பெயர் ‘தம்பிரான் வணக்கம்’. இரண்டுந் தமிழ்ச்சொற்கள்! முத்துக்குளித்துறைப் பரதவர்க்கு விளங்கவேண்டும் என்று எழுதியவர்க்குத் தமிழே கைகொடுத்தது. 1606-இல் மதுரைக்கு வந்த நோபிலி அடிகளார் உயர்சாதியாரை ஈர்க்க வேண்டிப் பூணூலும் வடமொழியும் மேற்கொண்டார். அவர்தம் நூல்களில் வடசொற்கள் வெள்ளமெனப் புகுந்தன. அவர் உழைப்புப் பெரிது. ஆனால் எவரை நோக்கி மொழி வளைந்தது என்பதை வரலாறு மறைக்கவில்லை. அடுத்த நூற்றாண்டில் வந்த பெசுக்கி அடிகளாரோ தைரியநாதர் என்னும் பெயரை வீரமாமுனிவர் எனத் தமிழாக்கிக்கொண்டு தேம்பாவணி பாடினார். 1714-இல் தரங்கம்பாடியில் சீகன்பால்கின் நற்செய்தி மொழிபெயர்ப்பு அச்சேறத் தொடங்கியது. பெப்ரீசியர் திருத்தம், 1871-இல் வெளிவந்த பவர் குழுவினர் திருத்தம் என்று அப்பணி தொடர்ந்தது. பவர் குழுவினர் காலத்திற் கற்றோர் உரைநடை மணிப்பவளமாய் இருந்தது. அக்காலத்து நடையை அவர் கையாண்டனர். அதனைக் குற்றமெனல் வேண்டா. ஒரு காலத்து நடையை எக்காலத்துக்கும் உரிய தூய்மையாக்குவதே குற்றம்.

ஈண்டு இரண்டு தடைகள் எழுப்பப்படும். முதலாவது, முதியோர் அச்சொற்களைச் சொல்லியே அழுதும் தொழுதும் பழகியவர். அவர் நெஞ்சை நோகச் செய்யலாமா என்பது. நோகச் செய்தல் வேண்டா. முதியவர் தம் வழக்கில் மன்றாடுவதை எவரும் தடுக்கவில்லை. இளையோர்க்குக் கற்பிக்கும் நூலும், கோயிலில் உரத்துப் படிக்கும் நூலும் மாறினாற் போதும். ஒரு தலைமுறையில் மாற்றம் முடியும். கத்தோலிக்கரும் சீர்திருத்தத் திருஅவையினரும் கூடி 1995-இல் வெளியிட்ட திருவிவிலியம் அவ்வழியைத் திறந்துவிட்டது. எனினும் பல கோயில்களில் இன்றும் பழைய மொழிபெயர்ப்பே படிக்கப்படுகின்றது.

இரண்டாவது தடை கூர்மையானது: புலவர் சொல்லுந் தனித்தமிழும் மக்களுக்கு விளங்காதாயின், அதுவும் ஒரு வேலியன்றோ என்பது. ஆம், வேலியே. அகரமுதலியைப் புரட்டி மட்டும் அறியத்தக்க சொல்லைக் கோயிலிற் புகுத்துவோன், தமிழின் பெயரால் இலத்தீனப் பூசகன் செய்ததையே செய்வான். ஆனால் மீட்பு, நற்செய்தி, வழிபாடு, தந்தை, தூய ஆவி, திருமுழுக்கு என்பன அத்தகையனவா? அடகு வைத்த நகையை மீட்கும் ஏழைக்கு ‘மீட்பு’ என்பதன் பொருளை எந்தப் புலவனும் சொல்லித்தர வேண்டியதில்லை. வேரோடு விளங்குஞ் சொல்லே தமிழ்ச்சொல்லின் சிறப்பு. அவ்விளக்கத்தைக் காப்பதே தனித்தமிழ் முயற்சி. பழமை காட்டி மருட்டுவது அன்று.

இதற்கு வாழ்ந்து காட்டிய சான்றும் இத்தோல்நாட்டிலேயே உண்டு. ஆம்பூரில் நற்செய்தி விடையூழியப் பள்ளியிற் படித்து வளர்ந்த தேவநேசன் என்னுங் கிறித்தவச் சிறுவரே, தேவநேயப் பாவாணர் என மொழிஞாயிறாய் எழுந்தார். தமிழே உலக முதற் செம்மொழி என்னும் பொருள்பற்றிய ஆங்கில நூலை 1966-இற் காட்பாடி விரிவிலிருந்து அவர் வெளியிட்டார். தமிழ்ப்பற்று அவரைக் கிறித்தவத்தினின்று பிரிக்கவும் இல்லை. கிறித்தவம் அவரைத் தமிழினின்று பிரிக்கவும் இல்லை. நேசத்தை நேயமாக்கினார்; அன்பு குறைந்ததா?

கிறித்தவர்க்குச் சொல்வது ஏனையோர்க்கும் பொருந்தும். 2020-இல் தஞ்சைப் பெருவுடையார் கோயிற் குடமுழுக்கில் தமிழும் ஒலிக்க வேண்டுமென்பதற்கு உயர்நீதிமன்றம்வரை செல்ல நேர்ந்தது. தமிழன் கட்டிய கோயிலில் தமிழுக்கு வழக்காடும் நிலை! வேலியின் பெயர் வேறாயினும் வேலி ஒன்றே.

இறுதியாக, அரமேயம் தமிழர்க்குக் கூறும் எச்சரிக்கை ஒன்று உண்டு. பேரரசுகளின் அலுவல்மொழியாய், இயேசு பெருமானின் தாய்மொழியாய் விளங்கிய அது இன்று எங்கே? 7ஆம் நூற்றாண்டின் பின்னர் அரபு ஆட்சிமொழியாகவும் கடைத்தெரு மொழியாகவும் வளர, தலைமுறை தலைமுறையாகப் பிள்ளைகள் வாயினின்று அரமேயம் நழுவியது. இன்று சிரியாவில் மாலூலா முதலிய சில மலையூர்களிலும், ஈராக்கு, துருக்கி முதலிய நாடுகளின் சில பகுதிகளிலும், அங்கிருந்து புலம்பெயர்ந்தோரிடையிலுமே அதன் கிளைகள் பேசப்படுகின்றன. மாலூலாவும் 2013-இற் போரிற் சிக்கி, மக்கள் ஊரைவிட்டு ஓட நேர்ந்தது. கோயிலிற் சுரியானி ஒலித்துக்கொண்டுதான் இருந்தது. வீட்டிற் பேச்சு மாறிக்கொண்டே வந்தது. பலிமேடையில் மட்டும் வாழும் மொழியைப் பலிமேடை காப்பாற்றாது.

ஆகலின், தமிழன்பர் இரண்டையும் ஒருங்கே கொள்ள வேண்டும். கோயிலில் தமிழ் வேண்டும். அதனோடு நின்றுவிடாமற் பள்ளியிலும் அலுவலகத்திலும் கடைத்தெருவிலும், எல்லாவற்றிற்கும் முன்னதாகத் தம் வீட்டிலும் தமிழ் வேண்டும். கோயிலில் ‘தந்தையே’ என்று தமிழில் மன்றாடிவிட்டு, வீட்டிற் பிள்ளைகளை ‘டாடி’ என்று அழைக்கப் பழக்குவோன் அரமேயர் இழந்த வழியிலேயே நடக்கின்றான்.

கலிலேயத்துத் தச்சர் இறைவனை அழைக்க எருசலேமின் பெருந்தெருவில் ஒரு சொல்லைத் தேடவில்லை. தம் வீட்டிலிருந்தே எடுத்தார். அச்சொல் தமிழன் வீட்டிலும் இருக்கின்றது. அதனைச் சொல்ல அவன் நாணாதிருந்தாற் போதும்.